கடலைக்கு ஓர் எண், முந்திரிக்கு ஓர் எண்

(கூமாப்பட்டியில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு படி கடலை எத்தனை கிலோ? கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் இங்கே சிலரிடம் கேட்டேன். முக்கால் கிலோ என்றார் ஒருவர். எண்ணூறு, எண்ணூற்றைம்பது வரும் என்றார் அடுத்தவர். ஒரு கிலோவேதான் என்று அடித்துச் சொன்னார் ஓர் அப்பத்தா. மூன்று பேர் சொன்னதுமே சரியாக இருக்கலாம். மூன்று வீட்டுப் படியும் ஒரே படி கிடையாது, மூன்று வீட்டுக் கடலையும் ஒரே கடலை கிடையாது.

இதைப் பேச இப்போது ஒரு தேவை வந்திருக்கிறது. 2025 ஜூனில் சமூக ஊடகக் காணொளிகளால் இந்த ஊரின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பிளவக்கல் அணைப் பக்கம் வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கின. வருகிறவர்களுக்குக் கடலை மிட்டாயும் தேங்காய் பர்பியும் நாமே செய்து விற்றால் என்ன என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். கட்டாயம் செய்யலாம். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கே கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. இரண்டுமே சிறிய அடுப்படிகளில் பிறந்த பண்டங்கள். ஆனால் வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பதற்குச் செய்வது வேறு. வீட்டில் அளப்பது டம்ளர், ஆழாக்கு, கைப்பிடி. கடையில் அண்ணாச்சி போடுவது கிலோ. பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டியது கிராம். டம்ளரிலிருந்து கிராமுக்குப் போகும் வழி தெரியாவிட்டால், இன்றைக்கு நன்றாக வந்த மிட்டாய் அடுத்த வாரம் பல்லில் ஒட்டும், அதற்கடுத்த வாரம் உதிரும். கை அதே கைதான்.

முதலில் படியைப் பார்ப்போம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பெரியவர்களுக்கு இது தூக்கத்திலும் வரும். ஆழாக்குக்குக் கீழே என்ன இருந்தது தெரியுமா? 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. பெருக்கிக்கொண்டே போனால் ஒரு படிக்கு 14,400 நெல். பழைய வாய்பாடு இதோடு நிற்கவில்லை. அதே படிக்கு மிளகு 12,800, அவரை 1,800, எள் 1,15,000 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணைச் சொல்லிவைத்திருக்கிறது. பாத்திரம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே போகும் பொருளுக்குப் பொருள் எண் மாறும் என்பதை நம்முடைய கணக்கர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். இன்று நான் சொல்லப்போகும் முழு விஷயத்துக்கும் வேர் அந்த வாய்பாட்டில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் நிலக்கடலையும் முந்திரியும் இருக்காது. இரண்டும் தென் அமெரிக்கப் பயிர்கள், போர்த்துகீசியர் இந்தியாவுக்கு வந்த பிறகு நம் மண்ணுக்கு வந்தவை. அவற்றுக்கான எண்களை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

படியில் இன்னொரு சிக்கல், அது ஊருக்கு ஊர் மாறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயரே சொல்லியிருக்கிறார்கள். எந்த மரக்கால் என்று சொல்லாமல் அளவைச் சொன்னால் வழக்கு வரும் என்பது அன்றே தெரியும். இன்று ஒரு படி 1,344 மில்லி, ஓர் ஆழாக்கு 168 மில்லி என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. பட்டணத்துப் படி இதைவிடப் பெரிது. 1956இல் எடை அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாகக் கடைகளுக்குள் நுழைந்தது. பலமும் வீசையும் மணங்கும் மறைந்தன. ஆழாக்கும் படியும் மட்டும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. ‘லிட்டர் படி’ என்று ஒரு புதுப் படியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உங்கள் வீட்டில் இருப்பது இவற்றில் எது? பாத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும், அந்த வழிக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கடலை. இந்த உரையில் கடலை என்று சொன்னால் ஓடு உடைத்த, காய்ந்த நிலக்கடலைப் பருப்பு என்று கொள்ளுங்கள்.

அமெரிக்க வேளாண்மைத் துறை பல ஆண்டுகளாக ஒவ்வோர் உணவுப் பொருளையும் கோப்பையில் நிரப்பி நிறுத்துப் பட்டியல் வைத்திருக்கிறது. அவர்களுடைய கோப்பை 237 மில்லி. அதில் நிலக்கடலை 146 கிராம். முந்திரி, முழுசும் பாதியும் கலந்தது, 137 கிராம். முழு பாதாம் 143. அக்ரூட் பாதிகள் வெறும் 100. பச்சைத் தேங்காய்த் துருவல் 80. இவற்றை 237ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிக்குக் கடலை 0.62 கிராம், முந்திரி 0.58, பாதாம் 0.60, அக்ரூட் 0.42, தேங்காய்த் துருவல் 0.34. இந்த எண்தான் அந்தந்தப் பருப்புக்குரிய எண். நம் வீட்டு 200 மில்லி டம்ளரில் தலைதட்டி எடுத்தால் கடலை 124 கிராம், முந்திரி 116 கிராம். 168 மில்லி ஆழாக்கானால் கடலை 104 கிராம். 1,344 மில்லிப் படியானால் 833 கிராம். பட்டணத்துப் படியில் அது ஒரு கிலோவைத் தொடும். அப்பத்தா சொன்னது பொய்யில்லை.

தண்ணீராக இருந்தால் 200 மில்லிக்கு 200 கிராம். கடலை ஏன் 124இல் நிற்கிறது? கடலை தண்ணீரைவிட லேசான பொருளா? கிடையாது. அதே கடலையை வெண்ணெய் போல மைய அரைத்து அதே 237 மில்லிக் கோப்பையில் நிரப்பினால் 258 கிராம் நிற்கும். தண்ணீரைவிடக் கனம். அப்படியானால் முழுக் கடலையை அளக்கும்போது டம்ளரில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் வெறும் காற்று. நாம் அளப்பது கடலையையும் காற்றையும் சேர்த்து. தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காற்று. அந்தக் காற்றின் பங்கு மாறும்போதெல்லாம் டம்ளரின் எடை மாறும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

காற்றின் பங்கை மாற்றுவது எது? முதலாவது, வெட்டு. முழு பாதாம் கோப்பைக்கு 143 கிராம் என்றேன். அதையே மெல்லிய வில்லைகளாகச் சீவினால் 92. பொடித்தால் 95. சமையல் குறிப்பில் ‘ஒரு கப் பாதாம்’ என்று மட்டும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தவறிப்போக இடம் இருக்கிறது. சரி, உடைத்தால் எப்போதுமே லேசாகிவிடும் என்று முடிவு கட்டலாமா? அக்ரூட் அதை மறுக்கிறது. பாதியாக இருக்கும்போது 100 கிராம் நின்ற கோப்பையில், நறுக்கிய பிறகு 117 கிராம் நிற்கிறது. அக்ரூட் பாதி மேடும் பள்ளமுமானது. ஒன்றோடொன்று படியாமல் இடைவெளி விட்டு நிற்கும். நறுக்கினால் துண்டுகள் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுகின்றன. இன்னும் பொடித்தால் மறுபடி லேசாகி 80க்கு இறங்குகிறது. ஆக, ஒரு பருப்பின் கணக்கை இன்னொன்றுக்குப் போட முடியாது. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிலையிலும் தனியாக நிறுக்கத்தான் வேண்டும்.

அதனால் உங்கள் குறிப்பேட்டில் எழுதும்போது வரிசையைக் கவனியுங்கள். ‘ஒரு டம்ளர் கடலை அளந்து, பொடித்தது’ என்பது ஒன்று. ‘பொடித்த கடலை ஒரு டம்ளர்’ என்பது வேறொன்று. முதலாவதில் 124 கிராம் இருக்கிறது. இரண்டாவதில் அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்கும், எவ்வளவு குறைவு என்பது மிக்சி எத்தனை சுற்று ஓடியது என்பதைப் பொறுத்தது. வாய்மொழியாகக் குறிப்பு கைமாறும்போது முதலில் உதிர்ந்துபோவது இந்த வரிசைதான்.

இரண்டாவது, குலுக்கல். மிக்சர் டின்னைத் திறந்ததும் மேலே கடலை தெரியும். அடியில் ஓமப்பொடித் தூள் கிடக்கும். வண்டியில் குலுங்கி வரும்போது சிறியவை இடுக்கு வழியாக இறங்க, பெரியவை மேலேறும். இதற்கு அறிவியலில் பிரேசில் கொட்டை விளைவு என்று பெயர். 1987இல் இயற்பியல் இதழ் ஒன்றில் இதைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை வந்தது. மூட்டையில் வாங்கிய உடைந்த முந்திரியிலும் இதே கதைதான். மேலிருந்து அள்ளிய டம்ளரும் அடியிலிருந்து அள்ளிய டம்ளரும் ஒரே எடை நிற்காது. அள்ளுவதற்கு முன்னால் நன்றாகக் கிளறிவிடுங்கள்.

குலுக்கி அளப்பதும் அப்படித்தான். தட்டித் தட்டி நிரப்பினால் இன்னொரு கைப்பிடி உள்ளே போகும். எவ்வளவு தட்டினாலும் ஓர் எல்லை உண்டு. ஒரே அளவுக் குண்டுகளை எப்படி அடுக்கினாலும் இடத்தில் நூற்றுக்கு 74 பங்குக்கு மேல் நிரப்ப முடியாது என்று கெப்ளர் 1611இல் சொன்னார். தாமஸ் ஹேல்ஸ் 1998இல்தான் அதற்கு நிரூபணம் தந்தார். அள்ளிக் கொட்டிய குண்டுகள் 64க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். ஆனால் நீள்வட்டமாகத் தட்டையான மிட்டாய்களைக் கொட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், அவை குண்டுகளைவிட நெருக்கமாக அடைவதை 2004இல் கண்டார்கள். வடிவம் மாறினால் அடைசல் மாறும். உருண்டைக் கடலைக்கும் நீளக் கடலைக்கும், வளைந்த முந்திரிக்கும் ஒரே எண் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, கோபுரம். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா? சந்தையில் குவித்து அளந்து கொடுத்தால் மனசு நிறையும். ஆனால் பாத்திரத்தின் வாய் அகலம் ஒன்றரை மடங்கானால், மேலே நிற்கும் கோபுரம் மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடும். அதே கொள்ளளவுள்ள அகலக் கிண்ணத்தில் குவிப்பதற்கும் ஒடுங்கிய ஆழாக்கில் குவிப்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு. நம் படியும் ஆழாக்கும் நெடிதாக, வாய் ஒடுங்கி இருப்பது பெரிய நன்மை, கோபுரம் அதில் அதிகம் ஏமாற்றாது. அமெரிக்காவில் ஃபேன்னி ஃபார்மர் 1896இல் தம் சமையல் நூலை வெளியிட்டபோது, எல்லா அளவும் தலைதட்டிய அளவே என்று கட்டாயமாக்கினார். அந்த நாட்டுச் சமையல் கோப்பை நிலைத்ததற்கு அந்த ஒழுங்கு பெரிய காரணம். நாமும் கோலால் வழித்துத் தலைதட்டுவோம். விற்பனைக்குச் செய்கிற பண்டத்தில் குவித்த அளவு வேண்டாம்.

கொள்ளளவு, எடை இரண்டையும் தவிர எண்ணிக்கை என்று ஒரு மூன்றாவது வழியும் இருக்கிறதே என்பீர்கள். ‘பாயசத்துக்குப் பத்து முந்திரி’ என்று எழுதுகிறோம். முந்திரி வியாபாரத்திலும் தரம் பிரிப்பது எண்ணித்தான். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 320 வரைக்கும் பருப்பு. டபிள்யூ 240 என்றால் 240. டபிள்யூ 180 இன்னும் பெரிது. கணக்குப் போட்டால், டபிள்யூ 320இல் பத்து முந்திரி 14 கிராம், டபிள்யூ 180இல் பத்து முந்திரி 25 கிராம். நிலக்கடலையையும் ஏற்றுமதியில் ஓர் அவுன்சுக்கு எத்தனை பருப்பு என்று எண்ணியே பிரிக்கிறார்கள், 50/60, 60/70, 80/90 என்று. அலங்காரத்துக்கு எண்ணிக்கை போதும். பதத்துக்குப் போதாது.

தேங்காய் நம் ஊர்ச் சொத்து. வத்திராயிருப்பிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் தோப்புதான். ஆனால் அடுப்படிக்குள் வந்ததும் ‘அரை மூடி’ என்று முடித்துவிடுகிறோம். அரை மூடி அளவே கிடையாது, மரத்துக்கு மரம், கோடைக்கும் மழைக்கும் காய் மாறுகிறது. துருவிய பிறகு டம்ளரில் அளக்கலாமா என்றால், துருவலைக் கையால் லேசாக அமுக்கினாலே இன்னும் ஒரு பிடி ஏறும். தேங்காய்க்கு எடையைத் தவிர வேறு வழியே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. அதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். ஒரு கிலோ பருப்பு கொப்பரையாகக் காய்ந்தால் அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கும். எனவே பர்பிக் குறிப்பில் ‘தேங்காய் 300 கிராம்’ என்று எழுதினால் போதாது. பச்சையா, காய்ந்ததா, துருவி எத்தனை நேரம் கழித்து நிறுத்தது என்பதையும் எழுத வேண்டும். கடலைக்கும் அப்படியே. செடியிலிருந்து பறித்த ஈரக் கடலையும் வெயிலில் காய்ந்து மூட்டைக்குப் போன கடலையும் தராசில் வேறு வேறு. வறுத்தால் ஈரம் இன்னும் கொஞ்சம் போகும், தோலை ஊதித் தள்ளினால் இன்னும் கொஞ்சம். வறுக்கும் முன் நிறுத்ததா, வறுத்துப் புடைத்த பின் நிறுத்ததா என்பதைக் குறிப்பில் ஒரு சொல்லில் போடுங்கள்.

இனி கடலை மிட்டாய்க்கு வருவோம். வீட்டுக் கணக்கு எளிது, கடலை இரண்டு டம்ளர், தூள் வெல்லம் ஒரு டம்ளர். கடலைப் பக்கத்தில் அதிக ஆபத்து இல்லை. இரண்டு டம்ளர் என்றால் 248 கிராம், தட்டி அளந்தால் சற்றுக் கூடும். ஆபத்து வெல்லத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் பழுப்புச் சர்க்கரைக்கு இரண்டு எண் கொடுத்திருக்கிறார்கள். கோப்பையில் தளர்வாகப் போட்டால் 145 கிராம், அழுத்தி நிரப்பினால் 220. ஒன்றரை மடங்கு! ஈரப்பிசுக்குள்ள எந்தச் சர்க்கரைத் தூளும் இப்படித்தான், நம் வெல்லத் தூளும் இதற்கு விலக்கில்லை. வீட்டில் அக்காள் அழுத்தி அளப்பாள், தங்கை தளர்வாக அளப்பாள். இருவரும் ‘ஒரு டம்ளர்’ என்றே சொல்வார்கள். அக்காள் செய்ததில் பாகு மிஞ்சி மிட்டாய் கல்லாகும். தங்கை செய்ததில் பாகு போதாமல் கடலை உதிரும். வெல்லத்தின் மேலும் கடலைக் காய்ப்பின் மேலும் பழி விழும். உண்மையான காரணம் டம்ளருக்குள் இருந்த காற்று. மிட்டாயில் கடலையை டம்ளரில் அளந்தாலும் வெல்லத்தை மட்டுமாவது தராசில் நிறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் நன்றாக வந்ததா? அன்றைக்குப் போட்ட வெல்லத்தின் கிராமை, கடலையின் கிராமை எழுதிவையுங்கள். பிறகு அதன் விகிதத்தில் பத்து மடங்குக்கும் போகலாம்.

இப்போது வழி. தராசு ஒன்று வேண்டும், கிராம் காட்டும் சிறிய மின்தராசு போதும். வெறும் பாத்திரத்தை வைத்துத் தராசைச் சுழியாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் எத்தனை கிராமோ, பாத்திரம் அத்தனை மில்லி. உங்கள் வீட்டுப் படி 1,400 என்று காட்டினால் அது 1,400 மில்லிப் படி. தண்ணீரைக் கொட்டி, ஈரம் போகத் துடைத்து, கடலையை நீங்கள் வழக்கமாக நிரப்புகிற மாதிரியே நிரப்பி, கோலால் தலைதட்டி நிறுங்கள். கடலை 868 கிராம் வந்தால், 868ஐ 1,400ஆல் வகுக்க 0.62. அந்தக் கடலைக்கு அதுவே எண். அதை எந்தப் பாத்திரத்தின் மில்லியோடும் பெருக்கினால் கிராம் கிடைக்கும். கையில் கிராம் இருந்தால் எண்ணால் வகுத்தால் மில்லி கிடைக்கும். 250 கிராம் முந்திரி வேண்டும், தராசு இல்லை என்றால், 250ஐ 0.58ஆல் வகுங்கள், 431 மில்லி. 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளரும் ஒரு சின்னக் கையளவும்.

ஒரு கவனம். சின்னக் கிண்ணத்தில் பெரிய பருப்பை அளந்தால் சுவரோரம் இடைவெளி அதிகமாக விழும். படியில் கண்ட எண்ணைச் சிறு ஆழாக்குக்குப் போட்டால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். முழு முந்திரிக்கும் பாதாமுக்கும் அந்தப் பிசகு தெரியும், கடலைக்கு அவ்வளவு தெரியாது. எந்தப் பாத்திரத்தில் தினமும் அளக்கிறீர்களோ அந்தப் பாத்திரத்திலேயே எண்ணைக் கண்டுபிடித்து வையுங்கள்.

விற்கிறவர்களுக்கு இது விருப்பம் மட்டும் கிடையாது. ‘சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009’ என்று ஒன்று இருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான விதிகள் 2011 முதல் நடப்பில் இருக்கின்றன. முன்கூட்டியே கட்டிய பொட்டலத்தில் நிகர எடையை அச்சிட வேண்டும், கடலை மிட்டாயை ‘ஒரு டம்ளர்’ என்று போட முடியாது. 100 கிராம் என்று அச்சிட்டால் உள்ளே 100 கிராம் இருக்க வேண்டும், கட்டும் தாளின் எடை அதில் சேராது. அது வாங்கும் பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் நாம் தரும் மரியாதை.

வீட்டில் தலைமுறையாக அளந்த படியைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உழக்கில் அரிசி அளந்து போட்ட அப்பத்தாவுக்குத் தராசு தேவைப்படவே இல்லை. அரிசி அவருக்குத் தெரிந்த அரிசி, உழக்கு அவருடைய உழக்கு, சாப்பிட்டவர்கள் அவர் வீட்டுப் பிள்ளைகள். இப்போது நம் பண்டம் முகம் தெரியாத வீடுகளுக்குப் போகப்போகிறது. சிவகாசியில் கட்டிக்கொடுத்த மகளும் சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியும் அதே மிட்டாயைச் செய்யக் கேட்கிறார்கள். சிங்கப்பூர்க் கடையில் கிடைக்கும் அளவுக் கோப்பை 240 அல்லது 250 மில்லி, நம் ஆழாக்கு 168. பேத்தியிடம் ‘ஒரு ஆழாக்கு’ என்று சொன்னால் அவள் கோப்பையை எடுப்பாள். 104 கிராம் என்று சொன்னால் 104 கிராமையே எடுப்பாள்.

வரச் சொன்னபோது வீட்டுப் படியையும் டம்ளரையும் கொண்டுவரும்படி கேட்டிருந்தேன். பித்தளை, எவர்சில்வர், ஒன்றிரண்டு பழைய இரும்புப் படியும் முன்வரிசையில் தெரிகின்றன. மேசையில் தராசு இருக்கிறது, குடத்தில் தண்ணீர் இருக்கிறது, அருப்புக்கோட்டைக் கடலை ஒரு சாக்கு இருக்கிறது. குறிப்பேடு வைத்திருக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் உட்காருங்கள். முதலில் அப்பத்தாவின் படி, தண்ணீரிலிருந்து தொடங்கலாம்.